அப்பாவுக்கு மட்டும் கேட்ட கீச்சுச் சத்தம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும். அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், "நல்ல மனுசனுங்க" என்று சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நீங்கள் சொன்னது உண்மை. நான் எழுத உட்கார்ந்தது அதோடு சேர்ந்த இன்னோர் உண்மையை. எங்கள் அப்பா மிகவும் பயந்தவர்.

இதைப் படித்த தம்பி முகத்தைச் சுளித்தான். "மலர்ல போயி இப்புடியெல்லாம் எழுதுவாங்களாக்கா? நாலு பேரு படிப்பாங்க" என்றான். நாலு பேர் படிக்கத்தானே அச்சடிக்கிறோம் என்றேன். எனக்கு இதுவரை வந்த மலர்களில் எல்லா அப்பாக்களும் அஞ்சாத நெஞ்சோடு பிறந்து, எதற்கும் கலங்காமல் வாழ்ந்து, சிரித்த முகத்தோடு போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அப்பா பயந்தார். கடைசி ஆண்டில் அவரோடு சேர்ந்து நானும் பயந்தேன். அதை மறைத்துவிட்டு எழுதினால் இது வேறு யாருடைய அப்பாவைப் பற்றியோ ஆகிவிடும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் நான் வேலை பார்ப்பது உறவினர்கள் அறிந்ததே. பயந்த முகங்களைப் பார்ப்பதுதான் என் வேலை என்றுகூடச் சொல்லலாம். மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே வருபவர், மருந்து வாடை மூக்கில் ஏறியதும் "செல்போனை வண்டியில உட்டுட்டு வந்துட்டேனுங்க" என்று வெளியே போனால் திரும்பி வரமாட்டார். அது நொடிப் பயம். வாசலைத் தாண்டினால் போய்விடும். அப்பாவின் பயம் காலையில் அவரோடு எழுந்து, பகலெல்லாம் அவரோடு பட்டறையில் இருந்து, அவர் படுத்த பிறகுதான் படுக்கும்.

அப்பா பிறந்தது குமாரபாளையத்தில், நெசவுக் குடும்பத்தில், இரண்டாவது மகனாக. மூத்தவர் எங்கள் பெரியப்பா. கைத்தறி ஓடிய வீட்டில் விசைத்தறியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அப்பா அவருக்குத் துணையாகப் பட்டறைக்குள் போனார். ராசிபுரத்துப் பெண்ணான எங்கள் அம்மாவைக் கைப்பிடித்த பிறகு, ஆற்றோரம் பள்ளிபாளையத்தில் தனியாகப் பட்டறை போட்டார். நானும் தம்பியும் பிறந்தது அங்கேதான்.

நூல் விலை ஏறினால் அப்பாவுக்குப் பயம். இறங்கினாலும் பயம். மின்சாரம் போனால் பயம், வந்தால் மோட்டார் புகைந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். ஆனால் அந்தப் பயத்துக்குப் பலன் இருந்தது. அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்கும் விரல் போனதில்லை. சுற்றும் பெல்ட்டுகளுக்கெல்லாம் கம்பி வலை அடித்து வைத்திருந்தார். முந்தானை தொங்க யாரும் தறிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. "கோழிக்கூண்டு கட்டி வெச்சிருக்கறாரு பாரு" என்று மற்றப் பட்டறைக்காரர்கள் கேலி செய்வார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். வலையைக் கழற்ற மாட்டார்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசைத்தறி ஓடும் பட்டறைக்குள் மனிதக் குரல் எடுபடாது. உள்ளே இருப்பவர்கள் கையாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கும் தம்பிக்கும் அந்தப் பேச்சு எழுத்துப் படிக்கும் முன்பே வந்துவிட்டது. காதைத் தொட்டுப் புருவத்தைத் தூக்கினால் "கேட்கிறதா?" என்று பொருள். கையை விரித்து ஆட்டினால் "இல்லை." வேலை முடியும் நேரத்தில் அப்பா வாசலில் நின்று, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்குவார். ஒவ்வொரு தறியாக நிற்கும். கடைசித் தறியும் நின்ற பிறகு காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும் மிச்சமிருக்கும். எங்களுக்கு அது வீடு போய்ச் சேர்வதற்குள் போய்விடும். அப்பாவுக்குப் போகவே இல்லை.

தறிக்காரர்களுக்குப் பெரிய எதிரி எண்ணெய்க் கறை. நெய்த துணியில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், முழுத் துணியும் திரும்பி வந்துவிடும். எண்ணெய் விடாமலும் தறி ஓடாது. அதனால் அப்பா ஒரு கையில் எண்ணெய்க் குப்பியும் மறு கையில் கழிவு நூல் பந்துமாகத்தான் காலையில் தறிகளைச் சுற்றி வருவார். விடுவார், உடனே துடைப்பார். அவர் எண்ணெய் விட்டுப் போன இடத்தில் விட்ட அடையாளமே இருக்காது. இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான்.

அப்பா ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த வெள்ளை அம்பாசிடர். சேலத்து நூல் வியாபாரி ஒருவர் வைத்திருந்து கைமாற்றிய பழைய பெட்ரோல் வண்டி. அம்மா அதற்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்தார். காவிரிப் பாலத்தில் அப்பா அதை ஓட்டிப் போனால் பின்னால் ஈரோடு வரைக்கும் ஒரு ஊர்வலம் சேர்ந்திருக்கும். பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டால், பின்னால் லாரி வந்தால், பிரேக் பிடிக்காவிட்டால் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். பின் இருக்கையில் நாங்கள் சிரித்துக்கொண்டே போவோம்.

வண்டியை ஒப்படைத்த அன்று நூல் வியாபாரியின் டிரைவர் பானெட்டைத் தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டினாராம். டிஸ்ட்ரிப்யூட்டர் என்பது ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரம் பிரித்து அனுப்பும் உருண்டை டப்பா. அதன் நடுவில் ஒரு தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும்; அது சுற்றச் சுற்றத் திறந்து மூடும் மின்தொடர்பு முனைதான் பாயிண்டு. "இதுக்குள்ள பாயிண்டுல மட்டும் எண்ணெ பட்டுறக் கூடாதுங்க. பட்டா நடுரோட்டுல நின்னுரும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் அப்பாவிடம் போய் இதைச் சொல்லலாமா? அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா அந்த மூடியையும் அதற்குள் சுழலும் துண்டையும் கழற்றி, உள்ளே வெள்ளைக் கழிவு நூலால் துடைப்பார். ஈரப்பசை எங்கே தெரிந்தாலும் எடுத்துவிடுவார். பிறகு மூடியை மாட்டி, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்.

இனி அந்தச் சத்தம்.

போன பனிக்காலத்துக்கு முந்தைய பனிக்காலம் அது. பட்டறையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா ஓய்வில் இருந்தார். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் கீச், கீச் என்று மெல்லிய சத்தம் வருகிறது என்றார். ஆற்றுக்கு அக்கரையில் எப்போதும் வண்டி பார்க்கும் மெக்கானிக் பாயிடம் ஓட்டிப் போனார். பாய் பானெட்டுக்குள் தலையை விட்டு நெடுநேரம் கேட்டார். "ஒண்ணுமில்லீங்களேண்ணா. கும்முனு ஓடுது" என்றார். அடுத்த வாரமும் போனார். அப்போதும் ஒன்றுமில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். தறிச் சத்தத்தில் பாதிக் காதைத் தொலைத்த அம்மா, "எனக்கு நீங்க பேசறதே கேக்கறதில்லைங்க, உங்க சக்களத்தி பேசறதா கேக்கப்போகுது?" என்றார். திருப்பூரிலிருந்து தம்பி வந்தான். அவன் பல் துலக்கி வருவதற்குள் அப்பா வண்டியை எடுத்து வெளியே நிறுத்தித் துடைத்து வைத்திருந்தார். தம்பி கேட்டபோதும் சத்தம் இல்லை.

தம்பி அப்பாவை ஈரோட்டில் காது மருத்துவரிடம் அழைத்துப் போனான். கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, உள்ளே இரைச்சல் இருக்கிறது, தறிக்காரர்களுக்கு இது சகஜம், இனி மாறாது என்றார் அவர். தம்பி வண்டியை விற்றுவிடலாம் என்றான். இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்பா ஓட்டுவது ஆபத்து என்றான். சாவியை அம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொன்னான். அவன் அக்கறையில்தான் சொன்னான்.

அப்பா மறுப்பே சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். அம்மா போனில் இதைச் சொன்னபோது, "அப்புடியே குடுத்துட்டாருங்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். அப்பா சண்டை போட்டிருக்க வேண்டாமா?

சில நாள் கழித்து அப்பாவே அழைத்தார். வேலை நேரத்தில் அழைக்க மாட்டாரே என்று, நெஞ்சு வலியோ என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"சாமி, உனக்குக் காது நல்லாத்தான இருக்குது?" என்றார். என்னை அவர் எப்போதும் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"நல்லாத்தானுங்கப்பா இருக்குது. ஏனுங்க?"

"ஞாயித்துக்கெளமை வாரியா? தம்பிகிட்டச் சொல்லாத." பிறகு, "எனக்குப் பயமா இருக்குது சாமி" என்றார்.

பயந்தவர்தான். ஆனால் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். எதிரே நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்கம்மா" என்றார்.

எதற்குப் பயம் என்பது எனக்குத் தெரியும். பெரியப்பா.

பெரியப்பாவின் கடைசிக் காலத்தை இங்கே எழுத அவர் பிள்ளைகளிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். அவருடைய தறிகளை விற்று லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும் அவருக்குத் தறி ஓடும் சத்தம் கேட்டது. "ஓடுதில்ல?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பார். பாவம் என்று எல்லோரும் "ஆமாங்க, ஓடுது" என்றார்கள். எங்கள் அப்பாவும் சொன்னார். பிறகு பெரியப்பா காலி பட்டறைக்குள் போக ஆரம்பித்தார். தறிகள் நின்ற இடத்தில் தரையில் போல்ட்டு ஓட்டைகள்தான் இருந்தன. அங்கே குனிந்து அறுந்த இழையைத் தேடுவார். ஒரு நாள் அழைத்துவரப் போன அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "நீ எந்தப் பட்டறை ஆளு?" என்று கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்த அப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

சனிக்கிழமை சங்ககிரி வழியாகப் பேருந்து பிடித்துப் போனேன். ஞாயிறு காலையில் அப்பா என்னை வண்டிக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். வாரத்தில் அந்த ஒரு காலைதான் எங்கள் தெருவில் தறி ஓடாது. அம்மாவிடமிருந்து சாவியை வாங்கி வந்திருந்தார். ஓட்டுவதற்கு அல்ல, ஸ்டார்ட் செய்து பார்க்க மட்டும் என்று சொல்லி வாங்கினாராம்.

"வண்டி ஆறிக் கெடக்கறப்பத்தான் கேக்குது. சூடேறுனா நின்னு போயிருது. பாய்கிட்டப் போறதுக்குள்ள ஆத்தைத் தாண்டோணும், அதுக்குள்ள சூடாயிருது" என்றார். "ஆனா அது உண்மையா, இல்ல நானா அப்புடிக் கதை கட்டிக்கறனான்னு தெரியல சாமி. என்ற காதுல இருக்கற கீச்சும் இந்தக் கீச்சும் ஒண்ணு மாதிரியே இருக்குது."

பட்டறையில் எந்தத் தறியின் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அப்பாவிடம் ஒரு முறை உண்டு. நீளமான திருப்புளியின் முனையைப் பாகத்தின்மேல் ஊன்றி, பிடியைத் தாடை எலும்பில் வைத்துக்கொள்வார். காதில் கேட்காதது எலும்பில் ஏறும். அதைச் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன். கேட்டுது. ஆனா தலைக்குள்ளயே இருக்கற சத்தம்னா தாடையில வெச்சாலும் கேக்குமில்ல?"

அப்பா என் கையைப் பிடித்து உள்ளங்கையில் தன் கையை வைத்தார்.

"எங்கண்ணன்கிட்ட நாங்க அல்லாரும் ஆமாம் ஆமாம்னு சொன்னோம். அதுலதான் அவரு போயிட்டாரு. இல்லைன்னு ஒரு ஆளு சொல்லீருந்தா அவரு நின்னுருப்பாரு. நீ சொல்லோணும். கேக்காட்டி கேக்கலைன்னு சொல்லிரு. ஆமான்னு சொல்லி என்னை ஏமாத்தீராத."

சத்தியம் செய்தேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்தார். நான் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்ஜின் ஓடியது. ஃபேன் இரைந்தது. வேறு ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்போதும் இல்லை. சூடேறிவிடக் கூடாதென்று அப்பா உடனே நிறுத்தினார். இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

ஆமாம் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கேக்கலீங்கப்பா" என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. அழவும் இல்லை. "சரி சாமி" என்று சொல்லிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். அதுவரை என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

"ஃபேன் இரைச்சல்ல ஒண்ணும் புரியலீங்கப்பா. அதைக் கழட்டிட்டுப் பாக்கலாமுங்களா?" என்றேன். அப்படிக் கழற்ற முடியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அப்பா பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பட்டறைக்காரர் திரும்பி வந்தார். "பெல்ட்டைக் கழட்டுனா ஃபேனும் நிக்கும், டைனமோவும் நிக்கும், தண்ணிப் பம்பும் நிக்கும்" என்றார். "அப்பவும் கேட்டா அந்த மூணுலயும் இல்லைன்னு ஆயிரும். கொஞ்ச நேரந்தான் ஓட்டலாம்." டைனமோ போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்தார். செடிக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் ஒரு நீளத் துண்டை வெட்டிக்கொண்டு வந்தார். "துப்பட்டாவை நல்லா இறுக்கிச் சொருகிக்க" என்று அதற்குள்ளும் ஒரு பயம்.

பிறகு என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். குழாயின் ஒரு முனை என் காதில், மறு முனை அவர் கையில். "நான் எங்க வெக்கறேன்னு நீ பாக்கக் கூடாது. கேட்டா கேக்குதுன்னு சொல்லு. கேக்காட்டி இல்லைன்னு சொல்லு" என்றார்.

"என்னை நம்பலீங்களாப்பா?"

"உன்னை நம்பறேன் சாமி. உன்ற பாசத்தைத்தான் நம்பறதில்ல."

சாவியைத் திருப்பிவிட்டு வந்து குழாயைப் பிடித்தார். சுவரில் காரை பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழாய்க்குள் கடமுடவென்று இன்ஜின் உருண்டது. "இல்லீங்க" என்றேன். முனை நகர்ந்தது. "இல்லீங்க." மறுபடியும் நகர்ந்தது. "இல்லீங்கப்பா." இன்னும் ஒரு முறை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது என்று தோன்றியது.

அப்போது கேட்டது. கீச், கீச், கீச். தொட்டிலில் கொக்கி உரசுவதுபோல, மெல்லியதாக, விடாமல்.

"கேக்குதுங்க!" என்று கத்தினேன். "அப்பா, கேக்குதுங்க!"

முனை நகர்ந்தது. சத்தம் போய்விட்டது. "இப்ப இல்லீங்க" என்றேன். திரும்ப வந்தது. "இப்பக் கேக்குது." போயிற்று. "இல்லை." வந்தது. "கேக்குது." எத்தனை முறை சோதித்தார் என்று தெரியாது. இன்ஜின் நின்றதும் திரும்பினேன். அப்பா வண்டியின் முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"டிஸ்ட்ரிப்யூட்டர்ல வெச்சப்ப மட்டுந்தான் சாமி நீ ஆமாம்னு சொன்ன" என்றார். "மத்த எடத்துல வெச்சப்பவெல்லாம் இல்லைன்ன. ஒரு தடவைகூடத் தப்பல." சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழத்தான் வந்தது, அதனால் அழுதேன்.

எழுந்து மூடியைக் கழற்றினார். அதற்குள் இருக்கும் சுழலும் துண்டை மேலே இழுத்து எடுத்தார். அடியில் தண்டின் தலை தெரிந்தது. அங்கே எண்ணெய் விடுவதற்கென்றே ஒரு குழிவு இருக்கிறது. அந்தக் குழிவு பூஜைப் பாத்திரம்போலத் துடைத்து வைத்திருந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. உலர்ந்த தண்டு உலோகத்தோடு உரசிக் கத்தியிருக்கிறது. இன்ஜின் சூடேறி அடியிலிருந்து எண்ணெய்ப் பசை மேலே வந்ததும் வாயை மூடியிருக்கிறது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"நாந்தான் சாமி. வருசா வருசம் நானேதான் தொடச்சுத் தொடச்சு வெச்சிருக்கறேன். துணியில கறை பட்டுருங்கற மாதிரி!"

தறி எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தார். பாயிண்டில் பட்டுவிடுமோ என்று அப்போதும் பயம். பாயிண்டின்மேல் ஒரு துணுக்குத் துணியை மூடி, குழிவில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டார். பழக்கத்தில் மறு கை கழிவு நூலோடு துடைக்க வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மாட்டி மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். குழாயைக் காதில் வைத்தேன். "இல்லீங்கப்பா. நின்னுருச்சு" என்றேன். அப்பா வீட்டுக்குள் பார்த்து, அம்மாவின் பாதிக் காதுக்கும் கேட்கும்படி, "சத்தம் வண்டியிலதான்! என்ற தலையில இல்ல!" என்று கூவினார். சாவி அன்று முதல் அவரிடமே இருந்தது. பிறகு பாய் வந்து அந்தத் தண்டு உரசாமல் சுற்றப் புது புஷ் வளையம் போட்டுக் கொடுத்தார். "ஆறிக் கெடக்கும்போதே நான் இங்க வந்து பாத்துருக்கோணும்ண்ணா" என்று அவர் வருத்தப்பட்டதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவ்வளவு மகிழ்ச்சியில் இருந்தார்.

ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "சத்தியம் இன்னிக்கோட முடியல சாமி. இனியும் கேப்பேன்" என்றார்.

பனிக்காலம் போய்க் கோடை வெயில் ஏறிய பிறகு அப்பாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. வாழ்நாளெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நுரையீரல். என் வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். முகத்தில் பிராணவாயு மூடி. பேச முடியாது. அதைப் பற்றி நர்ஸ்கள்தான் கவலைப்பட்டார்கள். எங்களுக்குக் கவலையில்லை. பேச்சில்லாமல் பேசித்தானே வளர்ந்தோம். தண்ணீர், தலையணை, அம்மா சாப்பிட்டாளா, எல்லாம் கையிலேயே நடந்தது.

ஒரு மதியம் தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். அம்மா கட்டிலோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா கண் விழித்தார். இரண்டு கைகளையும் தூக்கி, தறியில் நாடா இங்கும் அங்கும் ஓடுவதைக் காட்டினார். பிறகு காதைத் தொட்டார். புருவத்தைத் தூக்கினார்.

தறி ஓடுகிறது. உனக்குக் கேட்கிறதா?

சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. அருகில் எந்தப் பட்டறையும் இல்லை. கொட்டகையில் அன்று பட்ட பயம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அன்று கண்டுபிடிக்க ஒரு வண்டி இருந்தது. இந்தச் சத்தத்தை எந்த மூடியைக் கழற்றிப் பார்ப்பேன்?

அப்பா காத்திருந்தார். கண்ணை எடுக்கவில்லை. என் பாசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

கையை விரித்து ஆட்டினேன். இல்லீங்கப்பா. கேட்கவில்லை.

அவர் கண்களில் வந்த பயத்தை என்னால் எழுத முடியவில்லை. அவர் பெரியப்பாவைப் பார்த்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அவரை அப்படியே விட்டுவிட முடியாது. ஆமாம் என்று மாற்றிச் சொல்லவும் முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றேன். நின்ற பிறகு கை தானாகவே மேலே போனது. பட்டறை வாசலில் அவர் நிற்பாரே, அப்படி. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினேன்.

அப்பா உற்றுக் கேட்டார். ஒவ்வொரு தறியாக நிற்கும்வரை பொறுமையாகக் கேட்டார். நானும் கையை இறக்காமல் நின்றேன். கடைசியில் அவர் காதைத் தொட்டு, கையை விரித்து ஆட்டினார். இல்லை. நின்றுவிட்டது. என் மணிக்கட்டை விட்டார். பயம் தெளிந்த முகத்தோடு தூங்கினார். மறுநாள் காலையில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்லும் இடம் இது. அப்பாவின் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டு அவரோடு பேசிய நர்ஸ் சகோதரிகளுக்கும், எரிச்சல் காட்டாமல் மூச்சின் நிலையை அம்மாவுக்கு உரக்க விளக்கிய மருத்துவர்களுக்கும், ராசிபுரத்திலிருந்து நாள்தோறும் சாப்பாடு அனுப்பிய மாமா குடும்பத்துக்கும், விடுப்பு கேட்கும் முன்பே கொடுத்த என் டாக்டருக்கும், அப்பாவின் அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு சுடுகாடுவரை பின்னாலேயே வந்த பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. வண்டியை விற்கவில்லை. போன ஆயுத பூஜைக்குத் தம்பிதான் எண்ணெய் விட்டான். துடைக்காமல் இருக்கப் பக்கத்தில் நான் நின்றேன்.

எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சொல். அப்பாவின் உடல் பள்ளிபாளையத்துக்கு வந்த அன்று, வண்டி தெருமுனையில் திரும்பியபோதே எல்லாப் பட்டறைகளிலும் தறியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றீர்கள். எடுக்கும்வரை யாரும் ஓட்டவில்லை. வேலை நாளில், நடுப்பகலில், அந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கொடுத்த வாக்குப்படி நெடுநேரம் காதைத் தீட்டிக் கேட்டேன். பிறகு அவர் காதோரம் குனிந்து சொன்னேன்.

"ஒண்ணும் கேக்கலீங்கப்பா. பயப்படாதீங்க."

மகள்